ஐஸ் ஒத்தடம் வலியைப் போக்குகிறது என்றால், குளிர் ஏன் வலிக்கிறது?

கேத்திக்காரன்

எங்கள் குடும்பம் நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் பயிரிடுகிறது. நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கி, விடியற்காலையில் புல்லின் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும் ஜனவரி நாட்களிலும் அறுவடை நிற்பதில்லை. கழுவும் இயந்திரத்திலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வரும் கேரட்டை அம்மாவும் நானும் வெறுங்கையால் தரம் பிரிப்போம். கையுறை போட்டால் வெடிப்பும் அழுகலும் விரலுக்குத் தெரியாது என்பது அம்மாவின் கட்சி.

அந்த வேலையில் நான் கவனித்தது இதுதான். முதல் ஒரு நிமிடத்துக்குள் விரல்களில் சுள்ளென்று ஒரு வலி எழுந்து, பிறகு அது எலும்புக்குள் இறங்கிக் குடைகிறது. சிறிது நேரத்தில் விரல் மரத்துவிடுகிறது. எந்த விரல் கேரட்டைத் தொடுகிறது என்றே தெரிவதில்லை, ஆனால் குடைச்சல் மட்டும் மிச்சமிருக்கிறது. வேலை முடிந்து அடுப்பருகே கையை நீட்டும்போது, சுகம் வருவதற்குப் பதிலாக, தண்ணீரில் இருந்தபோது பட்ட வலியைவிடப் பெரிய வலி வருகிறது.

இதுவரை இதை யோசித்ததில்லை. போன மாதம் கணுக்கால் சுளுக்கியபோது மருத்துவர் ஐஸ் ஒத்தடம் வைக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் வலி அடங்கியது. கையை வலிக்கச் செய்யும் குளிரே காலின் வலியை எப்படி அடக்கும்? மரத்துப்போன விரலில் தொடுவுணர்வு செத்துவிட்டபோது வலி மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

ஸ்காபரோவாசி

கனடாவில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி வலியை இங்கே எல்லோரும் அறிவார்கள். வெளியே பனி அள்ளும்போது விரல் விறைத்துவிடும், நோவு தெரியாது. வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் கால்விரல்களில் தொடங்கும் உளைவு இருக்கிறதே, வந்த முதல் குளிர்காலத்தில் நான் அதில் அழுதே இருக்கிறேன். பனிச்சுவர் ஏறுகிறவர்கள் இந்த வலியில் கத்தவும் வாந்தி எடுக்கவும் செய்வார்கள் என்றும், அதற்கென்று அவர்களிடையே ஒரு கேலிப் பெயர்கூட உண்டு என்றும் பிற்பாடு அறிந்து ஆறுதல் அடைந்தேன்.

நாடித்துடிப்பு

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கேத்தித் தம்பி சுள்ளென்ற வலியையும் குடைச்சலையும் பிரித்து எழுதியிருப்பதே பாதி விடை. இவை வெவ்வேறு இடங்களில் பிறக்கும் வலிகள். அடுப்பருகே வருவது மூன்றாவது வகை.

தோலின் வழக்கமான வெப்பநிலை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ். அது சில டிகிரி இறங்கினாலே குளிர்ச்சியை உணர்கிறோம்; ஆனால் அதை யாரும் வலி என்று சொல்வதில்லை. ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே போகும்போதுதான் பெரும்பாலானோர் 'வலிக்கிறது' என்கிறார்கள். குளிர்ச்சியை அறியும் மூலக்கூறு ஒன்றை 2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவரின் ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. டி.ஆர்.பி.எம்.8 என்ற அந்தப் புரதம் நரம்பு முனையில் ஒரு சிறு வாயிலாக இருந்து, குளிர் பட்டால் திறந்து, மின்னூட்டத் துகள்களை உள்ளே விடுகிறது. தைலத்தில் உள்ள மென்தாலும் அதே வாயிலைத் திறப்பதால்தான் நெற்றியின் வெப்பநிலை சிறிதும் குறையாமலே சில்லென்று இருக்கிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளுக்காக இவ்விருவரும் 2021-இல் நோபல் பரிசு பெற்றனர். கடுங்குளிருக்கு வேறு காவலர்களும் உண்டு: 2024-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, க்ளூக்2 என்ற புரதம் இல்லாத எலிகள் இளங்குளிரை வழக்கம்போல் உணர்ந்தும் கடுங்குளிருக்கு எதிர்வினை காட்டவில்லை என்று வெளியிட்டது.

இனி, மரத்த விரலில் வலி மட்டும் எப்படி எஞ்சுகிறது என்ற கேள்வி. நரம்பு வழியாகச் செய்தி ஓட வேண்டுமானால் சோடியம் வாயில்கள் திறந்து மூட வேண்டும். குளிர் இந்த வாயில்களில் பெரும்பாலானவற்றைச் செயலற்ற நிலையில் பூட்டிவிடுகிறது; அதனால் தொடுவுணர்வு நரம்பு மௌனமாகிறது, தசையும் சொன்னபடி கேட்பதில்லை. ஆனால் வலி நரம்புகளில் என்.ஏ.வி.1.8 என்று ஒரு தனி வகை வாயில் இருக்கிறது. குளிர் அதைப் பூட்டுவதில்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள் இதை 2007-இல் காட்டினார்கள். அந்த வாயில் இல்லாத எலிகளை உறைநிலைத் தட்டில் நிறுத்தினால் அவை காலைத் தூக்கவே இல்லை. ஊரெல்லாம் மின்சாரம் போன பிறகு, தனி பேட்டரியில் ஓடும் அபாயச் சங்கு மட்டும் ஒலித்துக்கொண்டிருப்பது போன்ற ஏற்பாடு அது.

குடைச்சல் பெரும்பாலும் இரத்தக் குழாய்களைச் சேர்ந்தது. விரல்களில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்குவழிகள் நிறைய உண்டு. உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பதற்காகக் குளிரில் உடல் முதலில் மூடுவது இவற்றைத்தான். நரம்புக் கட்டளையால் குழாய்கள் இறுகி, இரத்தம் குறைந்து, திசு மூச்சுமுட்டும் நிலைக்குப் போகிறது. சிரைச் சுவர்களில் உள்ள வலி நரம்புகளும் எழுந்துகொள்கின்றன. இந்த வலிக்குத் தோலைப் போலத் துல்லியமான முகவரி கிடையாது. ஆகவே எலும்புக்குள் வலிப்பதாகத் தோன்றுகிறது.

ஐஸ் ஒத்தடத்துக்கு வருகிறேன். அது வலிக்கவில்லை என்று யார் சொன்னது? முதல் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள்: முதலில் சில்லிப்பு, அடுத்து எரிச்சல், அடுத்து கடுப்பு, கடைசியில்தான் மரப்பு. இயன்முறை மருத்துவர்கள் இந்த வரிசையை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். சுளுக்கின் வலி தோலுக்கு அடியில், தசைநாரில், வீக்கத்தால் எழுவது. அங்கே வெப்பம் சில டிகிரி இறங்கினாலே அழற்சி தணிந்து வலி நரம்பின் துடிப்பு மட்டுப்படும். செய்தி ஓடும் வேகமும் குறையும். போதாக்குறைக்கு, தோலிலிருந்து வரும் குளிர்ச்சிச் செய்தியே தண்டுவடத்தில் மற்ற வலிச் செய்திகளைத் தணிக்கிறது. கேரட் தொட்டியில் உங்கள் கையில் அடக்குவதற்கு வேறு வலி எதுவும் இல்லை. குளிர் தரும் வலி ஒன்றுதான் இருக்கிறது.

கேத்திக்காரன்

ஐயா, மிக்க நன்றி. அடுப்பருகே வரும் மூன்றாவது வலியையும் சொல்லிவிடுங்கள்.

நாடித்துடிப்பு

இறுகிய குழாய்கள் சூட்டில் சட்டென்று விரிகின்றன. இரத்தம் வெள்ளம்போல் நுழைகிறது. இரத்தம் குறைந்திருந்த நேரத்தில் திசுவில் தேங்கிய வேதிப்பொருட்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. உறங்கிய நரம்புகளோ ஒரே நேரத்தில் விழிக்காமல் முன்னும் பின்னுமாக விழிக்கின்றன. அதனால்தான் வலியோடு ஊசி குத்தும் உணர்வும் துடிப்பும் கலந்து வருகின்றன. ஒரு வேண்டுகோள்: மரத்த கையை நெருப்பில் காட்டாதீர்கள். சூடு எவ்வளவு என்று சொல்ல வேண்டிய நரம்பு அந்த நேரத்தில் வேலை செய்யாததால், தோல் வெந்துபோவது தெரியாமல் போகும்.

வெள்ளைவிரல்

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சென்னையில் இருப்பவள், பனியையே கண்டதில்லை. குளிர்பெட்டியிலிருந்து தோசைமாவுப் பாத்திரத்தை எடுத்து மேடையில் வைப்பதற்குள் என் வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் நகக்கண்ணிலிருந்து இரண்டாம் கணு வரை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். வெளுப்புக்கும் மற்ற தோலுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். பிறகு நீலம் பாரிக்கும், கடைசியில் சிவந்து துடிக்கும். அந்தச் சிவப்பு வரும்போதுதான் வலி உயிர்போகும். அலுவலகத்தில் ஏசிக் காற்று நேராகப் படும் இருக்கையில் உட்கார்ந்தாலும் இதுதான் கதை.

முதலில் பார்த்த மருத்துவர் இரத்தசோகை என்று சொல்லி எட்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். விரல் வெளுத்திருக்கும்போது எடுத்த ஒளிப்படத்தைக் காட்டியபோதும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூட்டு நோய் நிபுணர் ஒருவர் அதே படத்தைப் பார்த்ததும், 1862-இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் தம் ஆய்வேட்டில் விவரித்த நோய் இது என்றார். வெப்ப ஊரில் இருப்பவளுக்குக் குளிர் நோயா என்று மாமியார் இன்றும் நம்பவில்லை.

நாடித்துடிப்பு

சகோதரி, படம் எடுத்து வைத்தது மிகச் சரி. மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் விரல் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கும் என்பதே இந்த நோயின் சங்கடம். எல்லோருக்கும் குளிரில் குழாய் இறுகும் என்றாலும், ரேனோ உள்ளவர்களுக்கு அது அளவுக்கு மீறி, குழாய் ஏறக்குறைய மூடிக்கொள்ளும் அளவுக்கு நடக்கிறது. வெளுப்பு இரத்தம் நின்றதையும், நீலம் உயிர்வளி தீர்ந்த இரத்தத்தையும், சிவப்பு வெள்ளம் திரும்புவதையும் காட்டுகின்றன. கேத்தித் தம்பியின் அடுப்பு வலியும் உங்கள் சிவப்பு வலியும் ஒரே குடும்பம். வெளியே என்ன குளிர் என்பதைவிட எவ்வளவு திடீரென்று வெப்பம் மாறுகிறது என்பதே பலருக்கு இதைத் தூண்டுவதால், சென்னையில் இருப்பது பாதுகாப்பு ஆகாது என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலோருக்கு இது தொல்லையே ஒழிய ஆபத்தில்லை. ஆனால் முதன்முறையாக நடு வயதில் தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல் நுனியில் புண் உண்டானாலோ, தோல் இறுகினாலோ, தோல் இறுக்க நோயும், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயும் இருக்கின்றனவா என்று இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். பாறை துளைக்கும் கருவிகள், மரம் அறுக்கும் இயந்திரங்கள் ஆகியவற்றின் அதிர்வில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கும் இதே வெள்ளைவிரல் வரும். இரத்த அழுத்தத்துக்கான பீட்டா தடுப்பு மாத்திரைகள் சிலருக்கு இதைக் கூட்டும். நிஃபெடிபின் போன்ற, குழாயை விரிக்கும் மருந்துகள் குறைக்கும். எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

பச்சைத்தண்ணீர்

இவ்வளவு மூலக்கூறுகள் எதற்கு? குளிர் வலி என்பது பழக்கக் குறைவு. நான் மூன்று ஆண்டுகளாக மார்கழியிலும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிணற்று நீரில்தான் குளிக்கிறேன்; இப்போது வலியே இல்லை. அந்தச் சகோதரியும் தினமும் ஐஸ் தண்ணீரில் கையை வைத்துப் பழகினால் ஒரு மண்டலத்தில் சரியாகிவிடும் என்பது என் கருத்து.

ஸ்காபரோவாசி

பழக்கம் உண்டு என்பதை மறுக்கவில்லை. இங்கே கியூபெக்கின் காஸ்பே கரையில் குளிர்நீரில் வலை இழுக்கும் மீனவர்களை 1960-இல் சோதித்தபோது, ஐஸ் தண்ணீரில் வைத்த அவர்களது கைகள் மற்றவர்களின் கைகளைவிடச் சூடாக இருந்தன. வலியும் குறைவாக இருந்தது. ஆனால் நம் தமிழ்நாட்டுக் கிணற்று நீர் மார்கழியிலும் இருபது டிகிரிக்கு மேலேதான் இருக்கும், அண்ணா. அது குளிர்ச்சியே தவிர, ஐயா சொன்ன 15 டிகிரி எல்லைக்குள் வராது. நீங்கள் வென்றது வலியை அல்ல, விடியற்காலைத் தூக்கத்தை.

நாடித்துடிப்பு

ஸ்காபரோ நண்பரின் கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன். ஆயினும் ரேனோ உள்ளவரை ஐஸ் தண்ணீரில் கை வைக்கச் சொல்வது தவறான ஆலோசனை. குழாய் மூடிய விரலில் அது புண்ணில்கூட முடியலாம். நல்ல உடம்புக்காரருக்கும் ஒரு எச்சரிக்கை தேவை. கையை ஐஸ் தண்ணீரில் வைத்து இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் சோதனை 1930-களிலிருந்து நடக்கிறது. ஒரு கை நனைந்தாலே உடல் முழுவதும் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் வலிக்கும் பங்குண்டு. இதய நோய் உள்ளவர்கள் திடீர்க் குளிர்நீர்க் குளியலில் இறங்குவது சாகச விளையாட்டு.

காஸ்பே மீனவர்களின் கைச்சூட்டுக்குப் பின்னால் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. 1930-இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், ஐஸ் தண்ணீரில் வைத்த விரல் முதலில் குளிர்ந்து, 5 முதல் 10 நிமிடம் கழித்துத் தானாகச் சூடேறி, மறுபடி குளிர்ந்து, மறுபடி சூடேறுவதைப் பதிவு செய்தார். இறுக்கிப் பிடிக்கும் குழாய்த் தசையே குளிரில் வலுவிழந்து பிடியை விடுவதுதான் இதற்கு முதன்மையான விளக்கம். பிடி விட்டதும் சூடான இரத்தம் பாய்ந்து, தசை மீண்டும் உயிர்பெற்று, மறுபடி இறுக்குகிறது. குளிரில் வேலை செய்து பழகியவர்களிடம் இந்தச் சுற்று சீக்கிரமாகவும் வலுவாகவும் தொடங்குகிறது.

ஸ்காபரோவாசி

ஒன்றைச் சேர்க்கிறேன். மைனஸ் இருபதுகளில் வலி நின்றால் நல்லது என்று எண்ணக்கூடாது. காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று இங்கே எச்சரிப்பார்கள். உறையும் இடம் மெழுகுபோல் வெளுத்து, வலியற்றுக் கிடக்கும். என் நண்பரின் காது மடல் அப்படிக் கிடந்ததை அவர் அறியவே இல்லை. பேருந்தில் எதிரே இருந்த முதியவர்தான் சொன்னார். பனியை அள்ளித் தேய்க்கும் பழைய வைத்தியத்தை நண்பரிடம் யாரோ சொல்லியும் இருக்கிறார்கள்.

நாடித்துடிப்பு

அந்த வைத்தியம் 1812-இல் நெப்போலியனின் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது அறுவை மருத்துவர் லாரே பரிந்துரைத்தது. உறைந்த காலை நெருப்பில் காய்ச்சி, மறுநாள் அதே காலோடு பனியில் நடந்து, மீண்டும் உறையவிட்டவர்கள் கால்களை இழந்ததை அவர் நேரில் பார்த்தார். நெருப்பு ஆகாது என்ற அவருடைய முடிவு சரி, பனியைத் தேய்க்கலாம் என்றது தவறு. திசுவுக்குள் இருக்கும் பனிப்படிகங்கள் தேய்க்கத் தேய்க்க அறுக்கும். இன்றைய முறை, மறுபடி உறையாது என்ற உறுதியான இடத்தில், 37 முதல் 39 டிகிரி நீரில் அமிழ்த்துவது. அப்போது வரும் வலிக்கு மருந்தே கொடுப்பார்கள்.

கிராம்பு

பல் மருத்துவர் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று. ஐஸ்கிரீம் கடித்தால் பல் கூசுவது தோல் வலியைப் போன்றதன்று. ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளிப்பட்டாலோ எனாமல் தேய்ந்தாலோ, பல்லின் உள்ளடுக்கில் உள்ள நுண்குழல்களில் இருக்கும் திரவம் குளிரில் சட்டென்று நகர்ந்து நரம்பைச் சீண்டுகிறது. அதோடு, மேலே ஐயா குறிப்பிட்ட எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2021-இல், பல்லை உருவாக்கும் செல்களிலேயே டி.ஆர்.பி.சி.5 என்ற குளிர் ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். கிராம்புத் தைலத்தின் யூஜினால் அந்த ஏற்பியைத் தடுக்கிறது. நம் பாட்டிமார் பஞ்சில் தொட்டு வைத்ததற்கு இப்போது முகவரி கிடைத்திருக்கிறது. ஆனால் தைலம் சொத்தையை அடைக்காது. கூச்சம் நின்றதும் பல்லை மறந்துவிடுகிறவர்கள்தான் எனக்கு வேர்ச்சிகிச்சைக்கு வருகிறார்கள்.

வெள்ளைவிரல்

மாமியாரின் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. மழை வருவதற்கு முதல்நாளே அவருக்கு முட்டி வலிக்கிறது. அதுவும் குளிர்தானே என்கிறார்.

நாடித்துடிப்பு

அவரது முட்டி பொய் சொல்வதாக நான் எண்ணவில்லை. ஆனால் காரணம் குளிர் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட வலியுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் வலியை நாள்தோறும் கைப்பேசியில் பதிந்தார்கள். வலி கூடிய நாட்கள் ஈரப்பதம் மிகுந்த, காற்றழுத்தம் தாழ்ந்த, காற்று பலமாக வீசிய நாட்களோடு ஓரளவு பொருந்தின. வெப்பநிலை மட்டும் தனியாக அப்படிப் பொருந்தவில்லை. குளிர்ந்த காலையில் முட்டி பிடித்துக்கொள்வதற்கு, மூட்டுத் திரவம் சற்றுக் கெட்டியாவதும், தசைகள் இறுகுவதும், போர்வைக்குள் அசையாமல் கிடந்ததும் போதும். அவரை எழுந்ததும் பத்து நிமிடம் நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேத்திக்காரன்

நான்கு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பால் காய்ச்சும்போது பயன்படுத்தும் வெப்பமானியைத் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். காலை ஆறே காலுக்கு 8 டிகிரி காட்டியது. கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு இடக்கையை மணிக்கட்டு வரை அமிழ்த்தினேன். நாற்பதாவது விநாடியில் சுள்ளென்ற வலி. இரண்டாவது நிமிடத்தில் குடைச்சல் உச்சத்துக்குப் போனது. கையை எடுத்துவிடலாம் என்று மூன்று முறை தோன்றியது. எட்டாவது நிமிடம் நெருங்கும்போது ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கதகதவென்று ஆகி, தண்ணீருக்குள்ளேயே சிவந்தது. சுண்டுவிரலில் அது கடைசிவரை வரவில்லை. லூயிஸ் சொன்னது என் கையிலேயே நடந்ததில் சின்னப்பிள்ளை போல மகிழ்ந்தேன்.

பிறகு அம்மாவையும் கை வைக்கச் சொன்னேன். நாற்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறவர். மூன்றாவது நிமிடத்திலேயே அவர் விரல்கள் சிவந்துவிட்டன. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, தண்ணீர் இன்று அவ்வளவு சில்லிப்பில்லையே என்றார். வெளுப்பு எதுவும் இல்லை என்று பார்த்துவைத்துக்கொண்டேன். இப்போது அடுப்புக்குப் பதிலாக வெதுவெதுப்பான நீர் ஒரு வாளியில் தயாராக இருக்கிறது. கையுறையைப் பற்றிய பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் முடியவில்லை.